தூது செல்லும் கணிப்பொறி

அயல்நாட்டுக் கொள்கை என்றதும், அது புதுடில்லியில் பெரியவர்கள் பேசும் விஷயம், நமக்கு அதில் என்ன வேலை என்றுதான் தோன்றும். ஆனால் 20 ரூபாய்க்கும் குறைந்த விலையுள்ள வெளிநாட்டு சிகரெட் லைட்டர்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு 2023 ஜூன் இறுதியில் தடை விதித்தது நினைவிருக்கிறதா? சிவகாசி, சாத்தூர் பக்கத்துத் தீப்பெட்டித் தொழிலாளர் பலரின் பிழைப்பு அந்த ஓர் உத்தரவோடு பிணைந்திருந்தது. வெளிநாடுகளோடு நாம் செய்துகொள்ளும் ஏற்பாடு, நம் வீட்டு அடுப்பு வரை வந்துவிடுகிறது.

இத்தகைய ஏற்பாடுகளுக்குப் பின்னால் கடிதங்களும் அறிக்கைகளும் பல மொழிகளில் மலைபோல் குவிகின்றன. அவற்றைப் படித்துச் சுருக்கவும் மொழிபெயர்க்கவும் இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. நம் நாட்டில் 2022இல் 'பாஷினி' தொடங்கப்பட்டது. 2023 டிசம்பரில் காசித் தமிழ்ச் சங்கமத்தில் பிரதமர் இந்தியில் பேச, அதன் உதவியால் நம்மவர்கள் அவ்வுரையை உடனுக்குடன் தமிழில் கேட்டார்கள்.

இது எப்படி நடக்கிறது? இயந்திரத்துக்கு மொழி தெரியும் என்பதைவிட, பழக்கம் இருக்கிறது எனலாம். முன்பு மனிதர்கள் எழுதிய கோடிக்கணக்கான வாக்கியங்களைப் பார்த்து, இந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று கணிக்கிறது. எழுத்து குறைவாகக் கிடைக்கும் மொழிகளில் தடுமாறுகிறது. 2020 ஜனவரியில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மியான்மர் சென்றபோது, பர்மிய மொழிச் செய்தியிலிருந்த அவர் பெயரை ஃபேஸ்புக்கின் மொழிபெயர்ப்பு, இங்கே எழுதக் கூசும் ஓர் ஆங்கில வசைச்சொல்லாக மாற்றிவிட்டது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. விருந்தாளியாக வந்த இடத்தில் இப்படி நேர்ந்தால்!

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். "தீபாவளிக்கு வெடி அனுப்புகிறேன், மாமா" என்று ஒருவர் எழுதுகிறார். நமக்கு அது சரமும் லட்சுமி வெடியும். அதை 'வெடிகுண்டு' என்று கொள்ளும் இயந்திரத்தின் வழியே ஓர் அயல்நாட்டு அதிகாரி படித்தால், மாமாவின் பாடு என்னவாகும்?

சொல் சரியாக வந்தாலும் பொருள் வந்துவிடாது. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவனுடைய பளபளக்கும் படைக்கலங்களைப் புகழ்ந்தார். தம் அரசனுடையவையோ முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார். புகழ்ச்சி போலத் தோன்றினாலும், 'நீ போரையே அறியாதவன்' என்பதே செய்தி. இப்பாடலுக்கு உரைகள் பல இருப்பதால், இன்று கணிப்பொறியைக் கேட்டால் சரியாகவே விளக்கக்கூடும். நாளைக் காலை ஒரு தூதர் புதிதாகச் சொல்லப்போகும் வார்த்தைக்கு உரை எங்கிருந்து வரும்? மேலும், தவறிய தூதரைத் திரும்ப அழைத்து விசாரிக்கலாம். கணிப்பொறியை யார் விசாரிப்பது?

ஆகையால் இயந்திரம் எழுதித் தந்ததை, இரு மொழியும் இரு ஊர் வழக்கமும் அறிந்த ஒருவர் வரிவரியாகப் படித்துப் பார்த்தே அனுப்ப வேண்டியிருக்கிறது. இராமேசுவரம் மீனவர் பற்றிக் கொழும்புடன் பேசும்போது, 'பாடு', 'மடி' என்று அவர்கள் சொல்வது தெரிந்தவர் அங்கே இருந்தால் எவ்வளவு நல்லது! இந்திய வெளியுறவுப் பணிக்கான முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. 1949இல் அப்பணியில் சேர்ந்த முதல் பெண்மணி சி. பி. முத்தம்மா, குடகில் பிறந்து சென்னையில் கல்லூரிப் படிப்பு படித்தவர்.