மலைப்பாதையும் மோட்டார் வண்டியின் கிளச்சும்



எரத்னையிலிருந்து குருவிட்ட நகருக்கு இறங்கிவரும் பாதையையும், தோட்டங்களினின்று இரத்தினபுரிப் பெருந்தெருவை வந்தடையும் கிளைப்பாதைகளையும் அறிந்தவர்கள், அங்கு ஒரு மோட்டார் வண்டி எத்துணை இன்றியமையாதது என்பதையும் அறிவார்கள். ஒரு காலத்தில் களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை இரத்தினபுரியையும் கடந்து ஓபநாயக்க வரை சென்றது. 1970களில் அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி மூடப்பட்டபின், எமது பகுதி மக்களுக்குத் தெருவே கதியாயிற்று. பேறுகாலத் தாயை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்வதும், பிள்ளைகளைப் பரீட்சை மண்டபத்திற் சேர்ப்பதும் பெரும்பாலும் வயதேறிய ஒரு வானோ முச்சக்கர வண்டியோதான்.

அவ்வண்டிகள் வயதேறியிருப்பதற்குக் காரணமும் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில், உள்ள வண்டியைப் பேணிக் காப்பதன்றி வேறு வழியிருக்கவில்லை. மலைப்பாதையில் ஓடும் வண்டியில் விரைந்து தேயும் உறுப்புகளுள் முதன்மையானது கிளச். அது தேய்ந்துவிட்டதை எவ்வாறு அறிவது, எவ்வாறு திருத்துவது என்பனவே இன்றைய பேச்சின் பொருள். தொழிலால் நான் ஆசிரியன். ஆதலின், கராஜில் வேலை செய்வோருக்குப் புதிதாக எதனையும் சொல்ல வரவில்லை. வண்டியை அவர்களிடம் ஒப்படைக்கும் சாதாரண மக்களுக்காகவே பேசுகிறேன்.

முதலில் கிளச்சின் தொழிலைக் காண்போம். எஞ்சின் ஓடத்தொடங்கிவிட்டால் ஓயாது சுழல்வது. வண்டியோ நிற்கவும் புறப்படவும் வேண்டியது. இவ்விரண்டையும் வேண்டியபோது இணைத்து, வேண்டாதபோது பிரித்துவைப்பதே கிளச்சின் கடமை. எஞ்சினின் பின்புறத்தில் பிளைவீல் என்னும் கனத்த சில்லு சுழல்கிறது. அதனை ஒட்டிக் கிளச் பிளேட் நிற்கிறது. அதன் இரு முகங்களிலும் உராய்வுப் பொருள் பதிக்கப்பட்டுள்ளது. அதற்கும் பின்னால், வலிய வில்லினால் அழுத்தப்படும் பிரஷர் பிளேட் உண்டு. மிதியில் காலை வைக்காதபோது இவை மூன்றும் இறுகப் பற்றி ஒன்றாய்ச் சுழல, எஞ்சினின் ஆற்றல் கியர்ப்பெட்டிக்குச் செல்கிறது. மிதியை அழுத்தும்போது ரிலீஸ் பெயரிங் என்னும் உறுப்பு வில்லைத் தள்ளுகிறது. பிடி தளர்ந்து இணைப்பு அறுகிறது.

பற்றுவதும் விடுவதும் உராய்வினால் நிகழ்வன. உராய்வு உள்ள இடத்தில் தேய்மானமும் உண்டு. இவ்வுராய்வுப் பொருளின் வரலாற்றிலும் மலைப்பாதைக்கு ஓர் இடமுண்டு. இங்கிலாந்தின் டார்பிசயர் மலைப்பகுதியில், குதிரைவண்டிக்காரர் தம் வண்டிகளின் தடைக்கட்டைகளிற் பழைய சப்பாத்துத் தோலைப் பொருத்தி இறக்கத்தைச் சமாளிப்பதை ஹேர்பர்ட் புரூட் என்பவர் கவனித்தார். அதனின்று பிறந்த எண்ணத்தால் 1897ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய முயற்சியே பின்னர் பெரோடோ என்னும் பெயருடன் உலகெங்கும் அறியப்பட்டது. தேவையுள்ள இடத்திலேதான் அறிவும் கண்விழிக்கிறது போலும்!

இனி, தேய்வின் அறிகுறிகளைக் காண்போம்.

முதலாவது, நழுவுதல். ஏற்றத்தில் வேகமிதியை அழுத்தும்போது எஞ்சினின் ஓசை உயர்கிறது, வண்டியின் வேகமோ உயர்வதில்லை. எஞ்சினே வலுவிழந்திருப்பின் ஓசையும் உடன் தாழும். இவ்வேறுபாட்டைச் செவியாலேயே உணரலாம். இரண்டாவது, கருகிய நாற்றம். மூன்றாவது, மிதியை ஏறக்குறைய முழுவதும் விட்ட பின்னரே வண்டி நகரத் தொடங்குதல். எனினும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளச்சுகள் சிலவற்றில் இவ்வறிகுறி தோன்றாமலும் போகலாம். நான்காவது, புறப்படும்போது வண்டி நடுங்குதல். கிளச் பிளேட்டில் எண்ணெய் படிந்திருந்தாலும், எஞ்சினைத் தாங்கும் இறப்பர்த் தாங்கிகள் பழுதுற்றிருந்தாலும் இந்நடுக்கம் உண்டாகும். ஐந்தாவது, மிதியை அழுத்தும்போது எழும் கரகரப்பு. இது பெரும்பாலும் ரிலீஸ் பெயரிங்கின் முறையீடு.

நழுவுதலை உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்றுண்டு. சமதரையில், முன்னும் பின்னும் ஆளில்லாத இடத்தில் வண்டியை நிறுத்திக் கைத்தடையை இறுக இழுத்துக்கொள்க. எஞ்சினை ஓடவிட்டு, உயர்ந்த கியரில் இட்டு, வேகமிதியைச் சற்றே அழுத்தியவாறு கிளச் மிதியை விடுக. நல்ல கிளச்சாயின் எஞ்சின் உடனே நின்றுவிடும். நில்லாமல் ஓடிக்கொண்டேயிருப்பின் கிளச் நழுவுகிறது என்பது தெளிவு. இச்சோதனையை ஓரிரு முறைக்கு மேற் செய்தலாகாது. செய்தால் சோதனையே தேய்மானத்திற்குக் காரணமாகிவிடும்.

நிற்க. அறிகுறி கண்டவுடன் கிளச் முழுவதையும் மாற்றவேண்டும் என்று துணிதல் கூடாது. கேபிள் கொண்ட வண்டிகளில், மிதியின் தொடக்கத்தில் சிறிதளவு வெற்றசைவு இருத்தல் வேண்டும். பிளேட் தேயத்தேய அவ்வசைவு குறைந்துகொண்டே வரும். அது முற்றாக அற்றுப்போயின், மிதியை ஒருவரும் தொடாதபோதே பெயரிங் வில்லைத் தள்ளிக்கொண்டிருக்கும். அதனாலும் கிளச் நழுவும். கேபிளைச் சரிசெய்தலே இதற்குப் போதுமான மருந்தாகலாம். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிவரும் வான் சாரதி ஒருவருக்குக் கிளச் முழுவதும் மாற்றவேண்டும் என்று ஓரிடத்திற் கூறப்பட்டது. வேறொருவர் கேபிளைச் சரிசெய்து கொடுத்தார். அவ்வண்டி அதன்பின் ஓராண்டுக்கு மேல் ஓடியது. ஒரு மாத வருவாயை விழுங்கக்கூடிய செலவு, சில நிமிட வேலையால் தவிர்ந்தது.

இதற்கு மாறான நோயும் உண்டு. கிளச் பற்றுகிறது, ஆனால் விடுவதில்லை. கியர், குறிப்பாகப் பின்செல்லும் கியர், கரகரவென்று ஓசையிட்டு விழும். கேபிள் நீண்டிருத்தல், எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுதல் என்பன இதற்குக் காரணங்கள். எமது மாவட்டத்திற் பிறிதொரு காரணமும் உண்டு. 2003, 2017 ஆகிய ஆண்டுகளின் மே மாதங்களிற் களுகங்கை பெருக்கெடுத்து இரத்தினபுரியை மூழ்கடித்ததை நாம் மறக்கவில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பல நாட்கள் ஓட்டாது வைத்தால், கிளச் பிளேட் துருவேறிப் பிளைவீலுடன் ஒட்டிக்கொள்ளும்.

பிளேட் உண்மையாகவே தேய்ந்துவிட்டதாயின் கியர்ப்பெட்டியை இறக்கியே தீரவேண்டும். இஃது அனுபவமுள்ளவர் செய்யவேண்டிய வேலை. வண்டியை ஜாக்கின்மீது மட்டும் நிறுத்திவிட்டு அதன் கீழே படுத்தல் உயிருக்கு உலை வைக்கும். உறுதியான தாங்கிகள் வேண்டும். கிளச் கூட்டிற் படிந்துள்ள தூசியை ஊதுதலும் காற்றடித்தலும் ஆகா. பழைய உராய்வுப் பொருள்களில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அதன் தூசி நுரையீரலுக்குக் கொடியது. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே தகும்.

திருத்துவோரிடம் வண்டி உரிமையாளர் மரியாதையுடன் கேட்கத்தக்க வினாக்கள் சில உள. பிளேட்டுடன் பிரஷர் பிளேட்டும் ரிலீஸ் பெயரிங்கும் மாற்றப்படுகின்றனவா? பெயரிங் ஒன்றை மிச்சம்பிடித்து, அது பழுதுற்றபின் கியர்ப்பெட்டியை மீண்டும் இறக்குவது வீண்செலவு. பிளைவீலின் முகத்தில் நீலம் பாய்ந்த புள்ளிகளோ வெடிப்புகளோ உள்ளனவா? எண்ணெய் கசிகிறதா? கசிவை நிறுத்தாது புதுப் பிளேட்டைப் பொருத்தின், அதுவும் விரைவிற் கெடும். பிளேட்டை நடுவில் நிறுத்துதற்குரிய கருவி கொண்டு பொருத்துகிறார்களா? ஆணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குகிறார்களா? மாற்றிய பழைய உறுப்புகளைக் காட்டச் சொல்வதும் தவறன்று. உராய்வுப் பொருள் ஆணித்தலை வரை தேய்ந்திருப்பதை எவரும் கண்ணாற் காணலாம்.

இத்துணையும் ஏன் கூறுகிறேன் எனின், கிளச்சின் பழுது பணத்தோடு முடிவதன்று. ஆட்களை நிறைத்து ஏற்றத்தில் செல்லும் வண்டி, கிளச் முற்றாக நழுவியதும் முன்னேற மாட்டாது நிற்கும். கைத்தடையும் தளர்ந்திருப்பின் பின்னோக்கி உருளும். இறக்கத்திலும் இடருண்டு. தாழ்ந்த கியரில் இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. மிகத் தேய்ந்த கிளச் அப்பிடியையும் நழுவவிடும். முழுப்பாரமும் பிரேக்கின்மேல் விழும். பிரேக் சூடேறி வலுவிழந்தால் பள்ளத்தாக்கே எல்லையாகும்.

வருமுன் காத்தல் கடினமன்று. கிளச் மிதியின்மேற் காலை ஓய்வாக வைத்திருத்தல் வேண்டாம். ஏற்றத்தில் நிறுத்தவேண்டின், அரைக் கிளச்சிற் பிடிக்காது கைத்தடையை இழுத்துக்கொள்க. எப்போதும் முதலாம் கியரிற் புறப்படுக. அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றற்க. மார்கழிப் பூரணை முதல் வெசாக் வரையுள்ள சிவனொளிபாதமலைப் பருவத்தில் எரத்னைப் பாதையில் வண்டிகள் நின்று நின்று ஊரும் நாட்களில் இவை பெரிதும் பயன்படும்.

வண்டி தன் நோயை ஓசையாலும் நாற்றத்தாலும் முன்கூட்டியே அறிவிக்கிறது. அதைச் சாரதி மட்டுமன்றி ஏறியிருப்போரும் கேட்கலாம். கேட்டவர் அன்றைய பயணம் முடிந்தவுடனே சாரதியிடம் அதனை எடுத்துரைப்பாராயின், மறுநாள் அவ்வண்டியில் ஏறும் பிள்ளைகளுக்கு அதுவே பேருதவியாகும்.