ஊர்தியின் நீர் உறையாமல் காத்தல்

மல்காஜ்கிரியின் மாடிகளில் நிற்கும் நீர்த்தொட்டிகள் உறைபனியை அறியாதவை. ஐதராபாத் நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 6.1 பாகை செல்சியஸ் ஆகும். அது 1946ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் பதிவாயிற்று. அன்றுங்கூட நீர் உறைவதற்கு இன்னும் ஆறு பாகை இறங்க வேண்டியிருந்தது. ஆகவே, இவ்வூரில் நீர்த்தொட்டியைப் பற்றிய கவலையெல்லாம் கோடையில் அது வற்றிப்போவதைப் பற்றியதே; குளிர்காலத்தில் அது வெடித்துப்போவதைப் பற்றியதன்று.

ஆயினும், மேட்சல் - மல்காஜ்கிரி மாவட்டத்தின் ஊடே செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் வடமுனை ஸ்ரீநகரில் இருக்கின்றது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை, நீர்க்கலன் ஆகிய யாவும் அமைந்த கேரவன் ஊர்தி ஒன்று, மேட்சலில் ஏறிய சாலையிலேயே சென்று காஷ்மீரப் பள்ளத்தாக்கை அடைந்துவிடலாம். சுற்றுலாச் செல்வோர் மட்டுமன்றி, களப்பணியாளரும் இத்தகைய ஊர்திகளில் தங்கிப் பணியாற்றுவதுண்டு. மல்காஜ்கிரியில் நிரப்பிய நீர், சாலை மாறாமலே, உறைநிலைக்குக் கீழான இரவுக்குள் புகுந்துவிடும்.

ஸ்ரீநகரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்கள் நீடிக்கும் கடுங்குளிர்ப் பருவத்தைச் ‘சில்லாய் கலான்’ என்று மக்கள் வழங்குகின்றனர். 2024ஆம் ஆண்டு அப்பருவம் தொடங்கிய நாளன்றே அங்கு வெப்பநிலை சுழிக்குக் கீழ் 8.5 பாகைக்கு இறங்கிற்று. தால் ஏரியின் ஓரங்கள் உறைந்தன. வீடுகளின் குழாய்களிலும் நீர் உறைந்தது. மண்ணில் ஊன்றிய வீடுகளுக்கே இந்நிலை எனில், நாற்புறமும் அடிப்புறமும் காற்றில் நிற்கும் ஊர்தியின் நிலை சொல்லாமலே விளங்கும்.

நீர் உறையும்போது நிகழ்வது

பெரும்பாலான பொருள்கள் உறையும்போது சுருங்குகின்றன, நீரோ விரிகின்றது. நூறு லிட்டர் நீர் உறைந்தால் ஏறக்குறைய 109 லிட்டர் இடத்தைக் கேட்கும். அவ்விடம் கிடைக்கவில்லையெனில், பனிக்கட்டி தன்னை அடக்கியுள்ள சுவரை நெருக்கும்.

குழாய் வெடிப்பதற்குக் காரணம் பனிக்கட்டி குழாய்ச் சுவரை நேராகத் தள்ளுவதே என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் நிகழ்வது வேறு. குழாயின் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைப்பாக உருவாகின்றது. அது வளர வளர, அதற்கும் மூடிய குழாய் வாய்க்கும் இடையே சிறைப்பட்ட நீர் நெருக்குண்டு அழுத்தம் பெருகுகின்றது. அவ்வழுத்தத்தைத் தாங்காத இணைப்போ வால்வோ பிளந்துவிடுகின்றது. ஆகவே, உறைந்த இடம் ஒன்றாகவும் உடைந்த இடம் வேறொன்றாகவும் இருத்தல் கூடும். குழாய் வாயைத் திறந்து வைத்தால் சேதம் குறைவதற்கும் இதுவே காரணம்.

மற்றொன்றையும் நினைவில் கொள்ளுதல் வேண்டும். சேதம் உறைந்த இரவில் தெரிவதில்லை. பனிக்கட்டியே விரிசலை அடைத்துக்கொண்டிருக்கும். வெயில் ஏறிப் பனி இளகும்போதுதான் நீர் ஒழுகத் தொடங்கும். அப்பொழுது ஊர்தி, பழுது பார்ப்பவரும் மாற்று உறுப்பும் இல்லாத மலைச்சாலையில் நின்றுகொண்டிருக்கலாம்.

கலனும் குழாயும்

நீரைக் காப்பதற்கு அதன் வெப்பக் கணக்கை அறிந்திருத்தல் நலம். 200 லிட்டர் நீர் 20 பாகையிலிருந்து சுழிப் பாகைக்குக் குளிர்வதற்கு 4,000 கிலோகலோரி வெப்பத்தை இழக்க வேண்டும். சுழிப் பாகையை அடைந்த அந்நீர் முற்றும் பனிக்கட்டியாவதற்கு மேலும் 16,000 கிலோகலோரி வெப்பத்தை இழக்க வேண்டும். இவ்வுள்ளுறை வெப்பமே நீர்க்கலனின் பெருங்காப்பு. போர்வையற்ற 200 லிட்டர்க் கலன், சுழிக்குக் கீழ் 8 பாகைக் குளிரில், முழுதும் உறைந்துபோவதற்கு நான்கு நாட்களுக்கு மேல் ஆகும். ஓர் இரவில் அதன் மேற்புறத்திலும் ஓரங்களிலும் மட்டுமே பனி கட்டும்.

குழாயின் கணக்கு இதற்கு மாறானது. 12 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயின் ஒரு மீட்டர் நீளத்தில் அடங்குவது ஒரு லிட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு நீரே. ஆனால், லிட்டர் ஒன்றுக்குரிய புறப்பரப்பை ஒப்பிட்டால், கலனைக் காட்டிலும் குழாய் முப்பது மடங்குக்கு மேல் பரப்பைக் குளிருக்குக் காட்டிக்கொண்டிருக்கின்றது. அதே குளிரில் அக்குழாயிலுள்ள நீர் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் உறைந்துவிடும். காற்று பலமாக வீசினால் அந்நேரமும் குறையும்.

எனவே, கலனை மட்டும் போர்த்திவிட்டுக் குழாயையும் வால்வையும் நீரேற்றியையும் மறந்துவிடுதல், கதவைத் தாழிட்டுச் சுவரில் ஓட்டையை விட்டுவைப்பதைப் போன்றது. ஊர்தியின் தரைக்கு வெளியே தொங்கும் வடிகுழாயும், கலனின் அடியிலுள்ள திறப்பு வால்வுமே முதலில் உறைவன.

போர்வை வெப்பம் தருவதன்று

காப்புறை பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. கம்பளி சூடு தரும் என்று பேச்சில் சொல்லுகின்றனர். உண்மையில் கம்பளி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடலின் வெப்பம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றது. உயிரற்ற நீர்க்கலன் வெப்பத்தை உண்டாக்குவதன்று. ஆகவே, எவ்வளவு தடித்த காப்புறையாயினும், அது உறைதலைத் தள்ளிப்போடுமேயன்றித் தவிர்த்துவிடாது. குளிர் நாட்கணக்கில் நீடித்தால், வெப்பம் ஊட்டியே ஆக வேண்டும். அல்லது நீரை வடித்துவிட வேண்டும்.

அங்ஙனமாயின் காப்புறையின் பயன் யாது? ஊட்ட வேண்டிய வெப்பத்தின் அளவை அது குறைக்கின்றது. வெளியே சுழிக்குக் கீழ் 15 பாகையும் கலனுள் 5 பாகையும் இருப்பதாகக் கொள்வோர், போர்வையற்ற 200 லிட்டர்க் கலனை அந்நிலையில் நிறுத்த ஏறத்தாழ 400 வாட் ஆற்றல் தேவைப்படுவதைக் காண்பர். அதே கலனை 5 சென்டிமீட்டர் பருமனுள்ள நுரைநெகிழியால் இடைவெளியின்றிப் போர்த்தினால் 30 வாட் அளவே போதுமானது. தாங்கிகளின் வழியாகவும் இணைப்புகளின் வழியாகவும் வெளியேறும் வெப்பத்தையும் கருதி 60 வாட் எனக் கொள்ளலாம். பன்னிரண்டு மணி நேர இரவுக்கு இது 720 வாட்-மணி; அதாவது, 12 வோல்ட்டு மின்கலத்திலிருந்து 60 ஆம்பியர்-மணி. குளிரில் மின்கலத்தின் திறனும் குன்றும் ஆதலால், போர்வையின்றி மின்வெப்பத்தை மட்டும் நம்புவது இயலாத செயல் என்பது இக்கணக்கிலிருந்தே தெளிவாகும்.

இருப்புப்பாதை காட்டும் வழி

நீர்க்கலனைச் சுமந்துகொண்டு உறைபனிக்குள் ஓடும் ஊர்திக்கு, இந்நாட்டிலேயே சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. மல்காஜ்கிரிக்கு அண்மையிலுள்ள செகந்திராபாத்திலிருந்து 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் விசாகப்பட்டினத்துக்கு ‘வந்தே பாரத்’ தொடர்வண்டி ஓடுகின்றது. அதன் நீர்க்கலன்களுக்கு வெப்பமூட்டும் தேவை எழவில்லை. ஆனால், 2025ஆம் ஆண்டு ஜூன் 6 அன்று தொடங்கி வைக்கப்பட்ட கட்ரா - ஸ்ரீநகர் ‘வந்தே பாரத்’ வண்டியைக் காஷ்மீரக் குளிருக்கென்று தனியே மாற்றியமைக்க வேண்டியிருந்தது.

அவ்வண்டியின் நீர்க்கலன்களில் சிலிக்கோன் வெப்பப் பட்டைகள் பொருத்தப்பட்டன. அவை அளவுக்கு மேல் சூடேறாமல் தடுக்கும் உணர்கருவிகளும் உடன் வைக்கப்பட்டன. நீர்க்குழாய்கள் நெடுகத் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொள்ளும் வெப்பக் கம்பிவடங்கள் அமைந்தன; குளிர் மிகும்போது மிகுதியாகவும் குளிர் தணியும்போது குறைவாகவும் வெப்பம் தருதல் இவற்றின் இயல்பு. கழிப்பறைக் கலன்களும் உறையாதவாறு காக்கப்பட்டன. எல்லாவற்றினும் கருதத்தக்கது, வண்டி ஓடாது நிற்கும்போது குழாய்களிலுள்ள நீர் தானே வடிந்துவிடும் ஏற்பாடாகும். வெப்பமூட்ட இயலாத நேரத்தில் நீரை வைத்திருத்தல் ஆகாது என்பதே அதன் கருத்து.

இவ்வமைப்பைக் கூர்ந்து நோக்கினால் மூன்று விதிகள் புலப்படும். ஓடும்போது வெப்பமூட்டுக, வெப்பம் வீணாகாமல் போர்த்துக, வெப்பம் நிற்கும்போது வடித்துவிடுக. சிறிய கேரவனுக்கும் விதிகள் இவையே.

கீழறையைப் பேணுதல்

கேரவனின் நீர்க்கலன்கள் பெரும்பாலும் தரைக்குக் கீழே, பொருள் வைக்கும் அறைகளில் இருக்கும். அவ்வறைகளின் கதவு விளிம்புகளிலும், குழாயும் கம்பியும் நுழையும் துளைகளிலும் காற்றுப் புகும் வழியை முதலில் அடைத்தல் வேண்டும். பின்னர்க் கதவின் உட்புறத்திலும் தளத்திலும் நுரைப்பலகை பதிக்கலாம். தங்கும் அறையின் வெதுவெதுப்பான காற்று கீழறைக்குள் இறங்குமாறு ஒரு வழி வைத்தால், ஒரே வெப்பம் மனிதருக்கும் நீருக்கும் பயன்படும். கீழறையில் வெப்பமானி ஒன்றை வைத்து, அதன் அளவை மேலறையிலிருந்தே காணுமாறு செய்துகொள்ளுதல் மிகவும் பயன் தரும். 4 பாகைக்குக் கீழே அளவு இறங்கத் தொடங்கும்போதே எச்சரிக்கை பெறலாம்.

இதில் விலக்கு ஒன்று உண்டு. சமையல் வாயு உருளை வைத்த அறையின் அடித்துளைகளை எக்காரணம் கொண்டும் அடைத்தல் கூடாது. அவ்வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் கீழே தேங்கும். அது வெளியேறுவதற்கென்றே அத்துளைகள் வைக்கப்பட்டுள்ளன.

மாலையில் செய்ய வேண்டுவன

இரவில் உறைபனி எதிர்பார்க்கப்படுமாயின், வெயில் இருக்கும்போதே முடிவு செய்துகொள்ளுதல் நன்று. இரவு முழுதும் வெப்பம் கிடைக்கும் என்ற உறுதி இருந்தால், கலனில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நிரப்பாமல் வைக்கலாம். அவ்வுறுதி இல்லையெனில், குடிப்பதற்கு வேண்டிய நீரைக் குடங்களில் பிடித்துத் தங்கும் அறைக்குள் வைத்துக்கொண்டு, எஞ்சியதை வடித்துவிடுதலே சிறந்தது.

வடிக்கும்போது வரிசை தவறலாகாது. முதலில் நீரேற்றியின் மின்னிணைப்பை நிறுத்திக் கலனின் அடி வால்வைத் திறத்தல் வேண்டும். வெந்நீர்க் கலன் ஆறிய பின்னரே அதனை வடித்தல் வேண்டும். அடுத்துத் தண்ணீர், வெந்நீர் ஆகிய இரு குழாய் வாய்களையும் திறந்து வைத்து, குழாய்களின் தாழ்ந்த இடங்களிலுள்ள திறப்புகளைத் திறத்தல் வேண்டும். இறுதியில் நீரேற்றியைச் சில வினாடிகள் மட்டும் ஓட்டி அதனுள் தங்கிய நீரை வெளியேற்றுதல் வேண்டும். வளைவுகளில் எஞ்சும் சிறிது நீரே பல நேரங்களில் இணைப்பைப் பிளக்கின்றது.

தொட்டியின் கீழுள்ள வளைகுழாயில் நிற்கும் நீரை முற்றும் வடித்தல் அரிது. அங்கே உணவுத் தரமுள்ள புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த உறைதடுப்பு நீர்மத்தை ஊற்றலாம். எஞ்சினைக் குளிர்விக்கப் பயன்படும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சாகும். அதனைக் குடிநீர் செல்லும் எப்பகுதியிலும் ஊற்றுதல் கூடாது. உப்பும் உறைநிலையைத் தாழ்த்துமாயினும், உலோக உறுப்புகளை அரித்துவிடும்.

செய்யத் தகாதவை

உறைந்த குழாயைத் தீச்சுடர் காட்டி இளக்குதல் கூடாது. குழாய் வாயைத் திறந்து வைத்து, வாய்ப்பக்கத்திலிருந்து தொடங்கி, வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிச் சிறிது சிறிதாக உட்புறம் செல்லுதல் வேண்டும். அங்ஙனம் செய்தால் உருகிய நீர் வெளியேற வழி இருக்கும்.

இதனினும் கொடியது, கீழறையையோ தங்கும் அறையையோ சூடாக்கக் கரியடுப்பை உள்ளே வைத்து மூடிவிடுதலாகும். மூடிய இடத்தில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகின்றது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் விழிப்பதற்கு முன்னரே உயிர் பிரிந்துவிடும். வடநாட்டுக் குளிர்காலங்களில் இத்தகைய இறப்புகள் நிகழ்ந்தே வருகின்றன. உடைந்த குழாயை மாற்றிவிடலாம். இழந்த உயிரை மீட்டல் இயலாது. தண்ணீர் உறையட்டும் என்று விட்டுவிடுதலே அறிவுடைமையாகும் இரவுகளும் உண்டு.

வகுப்பறையில் ஒரு சோதனை

உறைபனியைக் காணாத மல்காஜ்கிரி மாணவருக்கும் இவ்வுண்மைகளை எளிதில் காட்டலாம். நொறுக்கிய பனிக்கட்டி மூன்று பங்கும் சமையலுப்பு ஒரு பங்கும் ஒரு வாளியில் கலந்தால், வெப்பநிலை சுழிக்குக் கீழ் 15 பாகைக்கும் கீழே இறங்கும். அதனுள் நீர் நிரம்பிய மெல்லிய சோதனைக்குழாய் ஒன்றையும், ஒரு லிட்டர் நீருள்ள நெகிழிக் குப்பி ஒன்றையும், பஞ்சு சுற்றி நனையாதவாறு உறையிட்ட மற்றொரு சோதனைக்குழாயையும் வைத்தல் வேண்டும். முதலில் உறைவது வெறுங்குழாய். அடுத்து உறைவது பஞ்சு சுற்றிய குழாய். குப்பியிலுள்ள நீரோ நெடுநேரம் நீராகவே இருக்கும். பஞ்சு தாமதப்படுத்தியதேயன்றித் தடுக்கவில்லை என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர்.

வேறு இரு சிறு நெகிழிக் குப்பிகளில், ஒன்றை விளிம்பு வரையிலும் மற்றொன்றை முக்கால் அளவிலும் நிரப்பி மூடி, வாளியில் இட்டு உறைய விட்டால், முன்னது புடைத்தோ பிளந்தோ போவதையும் பின்னது வடிவு மாறாதிருப்பதையும் காணலாம். கண்ணாடிக் குழாய் உடைந்து தெறிக்கக் கூடுமாதலால், வாளியைத் தடித்த துணியால் மூடி வைத்தல் வேண்டும். உப்புப் பனியை வெறுங்கையால் தொடவிடுதல் ஆகாது.

இச்சோதனையைக் கண்ட மாணவருள் ஒருவர், பின்னொரு நாள் களப்பணியாளராகவோ தொடர்வண்டிப் பணியாளராகவோ வடக்கே செல்லக் கூடும். குளிர் மாலை ஒன்றில் ஊர்தியை நிறுத்தியதும், அவர் கை முதலில் கீழறையின் வடிகால் வால்வைத் தேடுமாயின், வகுப்பறையில் செலவிட்ட அரைமணி நேரம் பயன் அளித்ததாகும்.