சிகிச்சை ஆராய்ச்சியில் நர்ஸின் பணி

புதிய சிகிச்சை ஒன்று பயன் தருமா என்பதை நிலைநாட்டுவது டாக்டர்களும் சோதனைக்கூடத்தாரும் செய்யும் வேலை என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. மருந்தைத் தேர்ந்தெடுப்பதும், சளியைப் பரிசோதிப்பதும், கணக்கிட்டு முடிவு கூறுவதும் அவர்கள் பொறுப்பே. ஆனால், கொடுத்த மருந்தை நோயாளி உண்மையில் உட்கொண்டாரா என்பது தெரியாவிட்டால், அக்கணக்குகளால் பயன் இல்லை. இதனை நேரில் கண்டு எழுதி வைப்பவர் பெரும்பாலும் நர்ஸ் அல்லது சுகாதாரப் பார்வையாளர் ஆவார். இந்நாட்டுக் காசநோய் ஆராய்ச்சியின் வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும்.

சென்னைச் சோதனை

1950களில் இந்தியாவில் காசநோயாளிகளின் தொகை மிகப் பெரிது. அவர்களுக்கு இருந்த மருத்துவமனைப் படுக்கைகளோ மிகக் குறைவு. சானடோரியத்தில் ஓய்வும் ஊட்டமான உணவும் இன்றி இந்நோய் குணமாகாது என்ற கருத்து அந்நாளில் வேரூன்றியிருந்தது. நோயாளியை அவருடைய வீட்டிலேயே வைத்து மருந்தினால் குணப்படுத்த முடியுமா என்பதை ஆராய, 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் இதில் ஒத்துழைத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் ஆராய்ச்சியை வழிநடத்தினார்.

நகரின் ஏழை மக்களிடையேயிருந்து ஏறத்தாழ 190 நோயாளிகள் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியத்திற்குச் செல்வது என்பதை எவருடைய விருப்பத்திற்கும் விடாமல், குலுக்கல் போன்ற ஒரு முறையால் முடிவு செய்தனர். இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்னும் இரு மருந்துகளும் 12 மாதங்கள் அளிக்கப்பட்டன. சானடோரியத்தில் இருந்தோருக்கு உணவும் ஓய்வும் மிகுதி. வீட்டில் இருந்தோர் நெருக்கடியான இடங்களில் வசித்து, குறைந்த உணவே உண்டனர். 1959இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியப் பிரிவில் 92 சதவீதம்; வீட்டுப் பிரிவில் 86 சதவீதம். நோயாளியுடன் வசித்த குடும்பத்தினரை 5 ஆண்டுகள் கவனித்துப் பார்த்ததில், வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்கு அபாயம் கூடவில்லை என்பதும் புலனாயிற்று.

ஏட்டின் உண்மை

வீட்டு நோயாளிகள் வாரம் ஒருமுறை நிலையத்திற்கு வந்து மருந்து பெற்றுச் சென்றனர். அத்துடன், முன்னறிவிப்பின்றி வீட்டிற்குச் சென்று, எஞ்சிய மருந்தை எண்ணி, சிறுநீரும் பெற்றுவரும் முறை இருந்தது. பி.ஏ.எஸ். உட்கொண்டவரின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு சேர்த்தால் செந்நீல நிறம் தோன்றும். மாத்திரை எண்ணிக்கை பொய் சொன்னாலும் சிறுநீர் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆயினும் இரசாயனம் ஓரளவுக்கே உதவும். சிகிச்சை தொடங்கிய சில வாரங்களில் இருமல் குறையும், காய்ச்சல் தணியும், பசி எடுக்கும். இனி மருந்து எதற்கு என்று நோயாளி எண்ணுவது இயல்பே. பி.ஏ.எஸ். குமட்டலும் வயிற்றுத் தொல்லையும் தருவது. கூலி வேலைக்குச் செல்பவருக்கு இது சிறு துன்பமன்று. இந்நிலையில் மருந்தைத் தவறவிட்டவரை நர்ஸ் கடிந்துகொண்டால், அடுத்த முறை அவர் மாத்திரைகளை எறிந்துவிட்டுக் கணக்கைச் சரியாகக் காட்டுவார். அப்போது ஏடு நிரம்பியிருக்கும், ஆராய்ச்சியோ பொய்த்துவிடும். நோயாளியின் நலத்திற்கும் அதனால் கேடு விளையும். ஆகவே, குறையைச் சினமின்றிக் கேட்பதும், கேட்டதை மாற்றாமல் எழுதுவதும், அதன் காரணத்தை டாக்டருக்கு அன்றே தெரிவிப்பதும் இப்பணியின் அடிப்படைகளாகும்.

பெங்களூருவில்

சென்னையில் கிடைத்த முடிவை நாடு முழுவதற்கும் ஏற்ற திட்டமாக்கும் பொறுப்பு பெங்களூருவுக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம், யூனிசெஃப் ஆகியவற்றின் உதவியுடன் 1959இல் அமைக்கப்பெற்ற தேசிய காசநோய் நிலையத்தை, 1960 செப்டம்பர் 16ஆம் நாள் பிரதமர் ஜவஹர்லால் நேரு திறந்து வைத்தார். மாவட்டத்தை அலகாகக் கொண்ட தேசியக் காசநோய்த் திட்டம் 1962இல் தொடங்கிற்று. மாவட்ட நிலையங்களின் ஊழியர்கள் இங்கே பயிற்சி பெற்றனர். டாக்டர், சோதனைக்கூட ஊழியர், எக்ஸ்ரே ஊழியர் ஆகியோருடன், மருந்து வழங்கலையும் நோயாளி ஏடுகளையும் கவனிக்கும் சிகிச்சை அமைப்பாளரும் அக்குழுவில் இடம் பெற்றார். குறித்த நாளில் மருந்து பெற வாராதவருக்குக் கடிதம் எழுதுவதும், அதற்கும் வாராவிடில் வீடு தேடிச் செல்வதும் திட்டத்தின் பகுதியாயின. சென்னையில் ஆராய்ச்சிக்காகக் கையாண்ட வீட்டுப் பார்வை, இவ்வாறு அன்றாடச் சிகிச்சையின் கடமையாயிற்று.

இன்றைய கடமைகள்

இன்று இப்பணிக்குச் சட்டத்தின் வரம்பும் உண்டு. மருந்துச் சோதனைகளை இந்தியச் சிகிச்சைச் சோதனைப் பதிவேட்டில் முன்னதாகப் பதிவு செய்வது 2009 முதல் கட்டாயம். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, சோதனையில் உள்ளவருக்குக் கடுமையான தீங்கு நேர்ந்தால், ஆராய்ச்சிப் பொறுப்பாளர் 24 மணி நேரத்திற்குள் அதனைத் தெரிவிக்க வேண்டும். தீங்கை முதலில் காண்பவர் பெரும்பாலும் நர்ஸே ஆதலால், அவர் தாமதித்தால் விதியும் தாமதிக்கும்.

சம்மதம் பெறுவதிலும் நர்ஸின் துணை இன்றியமையாதது. பெங்களூரு போன்ற நகரில் ஒரே வார்டில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது பேசுவோர் அடுத்தடுத்துப் படுத்திருப்பர். புரியாத மொழியில் வாசித்துக் காட்டிய தாளில் இட்ட கையொப்பம் சம்மதம் ஆகாது. எழுத்தறியாதவரிடம் சம்மதம் பெறும்போது, ஆராய்ச்சியைச் சாராத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும். எந்நேரமும் விலகிக்கொள்ளலாம், விலகினாலும் வழக்கமான சிகிச்சை கிடைக்கும் என்பதை நோயாளி உணர்ந்துகொண்டாரா என்று அவர் வாய்மொழியாலேயே கேட்டறிதல் நலம். அரசு மருத்துவமனையை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத ஏழைக்கு, மறுக்கவும் உரிமை உண்டு என்று எடுத்துச் சொல்பவர் பக்கத்தில் நிற்கும் நர்ஸே ஆவார்.

நோயாளியின் நலம், ஆராய்ச்சியின் தேவை ஆகிய இரண்டும் முரண்படும் வேளையில் நலமே முன்னிற்க வேண்டும். நேர்ந்தது எதுவாயினும் ஏட்டில் உள்ளபடியே பதிய வேண்டும். இவ்விரு நெறிகளும் கள ஊழியர் அனைவருக்கும் பொதுவானவை. அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்களும், ஒரு சதவீதக் கணக்கைக் கரும்பலகையில் எழுதும்போது, அதன் பின்னே குறுகிய சந்துகளில் வீடு வீடாக ஏறி இறங்கிய ஊழியர்கள் இருந்தனர் என்பதை மாணவர்க்கு எடுத்துரைத்தல் பொருத்தமாகும்.