'ஸ்ட்ரைக்' என்னும் ஆங்கில வினை: அடித்தலும் இறக்குதலும்

ஆங்கிலம் கற்கத் தொடங்குவோர் ஆரம்பத்திலேயே எதிர்கொள்ளும் வினைகளுள் ஒன்று 'ஸ்ட்ரைக்' என்பதாகும். அடித்தல் என்பதே அதற்குப் பொதுவாகக் கூறப்படும் பொருள். ஆயினும் மணிக்கூடு மணியடிப்பது, தீக்குச்சியை உரசுவது, நாணயம் பொறிப்பது, எழுதியதைக் கோடிட்டு நீக்குவது, கூடாரத்தைக் கழற்றுவது, பேரம் பேசி உடன்பாடு காண்பது, தொழிலாளர் ஒன்றுகூடி வேலையை நிறுத்துவது ஆகிய அனைத்தும் இவ்வொரு வினையாலேயே சுட்டப்படுகின்றன. இவற்றுள் இறுதியாகக் குறிப்பிட்ட பொருள் எவ்வாறு தோன்றியது என்பதையே நாம் ஈண்டு நோக்க விழைகின்றோம்.

பழைய ஆங்கிலத்தில் இவ்வினையின் வடிவம் 'ஸ்ட்ரீக்கான்' என்பதாகும். செல்லுதல், ஒன்றின்மீது படர்ந்து செல்லுதல், தேய்த்தல், தடவுதல் என்பனவே அதன் தொடக்ககாலப் பொருள்கள். இன்றைய ஜேர்மன் மொழியில் வழங்கும் 'ஸ்ட்ரைஹன்' என்னும் வினை இதற்கு உறவானது. தடவுதல், பூசுதல், கோடிட்டு நீக்குதல் ஆகிய பொருள்களை அது இன்றும் காத்துவருகின்றது. ஆங்கிலத்திலும் மென்மையாகத் தடவுதலைக் குறிக்கும் 'ஸ்ட்ரோக்', கீற்றைக் குறிக்கும் 'ஸ்ட்ரீக்' என்பன இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. தானியத்தை அளக்கும்போது அளவுபாத்திரத்தின் விளிம்புக்கு மேலே நிற்பதை ஒரு கோலால் தலைதட்டிச் சமப்படுத்துவதும் இவ்வினையால் குறிக்கப்பட்டது. அடித்தல் என்னும் பொருள் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கமளவிலேயே தெளிவாக நிலைபெறுகின்றது. எனவே இன்று முதன்மையாகக் கருதப்படும் பொருள், வரலாற்று நோக்கிற் பிந்தியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இடைக்கால ஆங்கிலத்திலேயே கடலோடிகளிடையே இவ்வினை வேறொரு பொருளையும் பெற்றது. பாயையோ பாய்மரத்தின் குறுக்குமரத்தையோ கீழே இறக்குதலே அப்பொருளாகும். போரிற் கொடியை இறக்கிப் பணிந்துபோதலையும், படைமுகாமிற் கூடாரத்தைக் கழற்றுதலையும், நாடகம் முடிந்தபின் மேடையமைப்பை அகற்றுதலையும் இவ்வினை குறிப்பது இவ்வழியிலேயே எனலாம். நிமிர்ந்து நின்றதைத் தாழ்த்துதல் என்னும் கருத்து இவை யாவற்றுக்கும் பொதுவானது.

தொழிலாளர் வரலாற்றில் இப்பொருள் முக்கியத்துவம் பெறுவது 1768ஆம் ஆண்டிலாகும். உணவுப் பொருள்களின் விலை ஏறி, உழைப்போர் பெரிதும் இடருற்ற காலம் அது. சந்தர்லாந்துத் துறைமுகத்திலே கப்பற்றொழிலாளர் தம் குறைகளை எடுத்துரைத்தபின், அங்கு நின்ற கப்பல்களில் ஏறிக் குறுக்குமரங்களைக் கீழே இறக்கினர். இலண்டனிலும் அவ்வாண்டு கடலோடிகள் ஊதிய உயர்வு கோரிக் கப்பல்களைப் புறப்படவிடாது தடுத்தனர். பாய் விரியாத கப்பல் நகராது. அக்காலத்து உலக வாணிபத்தின் பெரும்பகுதி பாய்க்கப்பலையே நம்பியிருந்தது என்பதை நோக்கும்போது, அச்செயலின் வலிமை புலனாகும். அவ்வாண்டிலேயே நிலத்தில் வேலைசெய்தோரின் மறுப்பையும் இதே வினையாற் குறிக்கும் வழக்கு எழுத்திற் பதிவாகின்றது. தொழிற்கருவிகளைக் கீழே வைத்தல் என்னும் கருத்திலிருந்து இப்பொருள் பிறந்தது என்று விளக்குவோரும் உளர். எவ்விளக்கத்தை ஏற்பினும், இறக்குதலும் கைவிடுதலுமே அடிப்படையாக அமைகின்றன. பிறரைத் தாக்குதல் அன்று.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சொல் இப்பொருளிற் பெயர்ச்சொல்லாகவும் வழங்கலாயிற்று. அதே காலத்தில் அச்செயல் இங்கிலாந்திற் குற்றமாகவும் இருந்தது. 1799, 1800ஆம் ஆண்டுகளிற் பிறப்பிக்கப்பட்ட சட்டங்கள் ஊதிய உயர்வுக்காகத் தொழிலாளர் ஒன்றுசேர்வதைத் தடைசெய்தன. 1824இல் அவை நீக்கப்பட்டபோதும், மறு ஆண்டே புதிய கட்டுப்பாடுகள் வந்தன. தனியொருவர் செய்தாற் குற்றமாகாத செயலைத் தொழிற்பிணக்கின்போது பலர் கூடிச் செய்தால் அது சதிக்குற்றமாகாது என்னும் நிலை 1875ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே ஏற்பட்டது. 1888 யூலையில் கிழக்கு இலண்டனின் தீப்பெட்டித் தொழிற்சாலையொன்றில் ஏறத்தாழ 1,400 பேர், பெரும்பாலும் பெண்களும் சிறுமியரும், வேலையை நிறுத்தினர். அநீதியான அபராதங்களை ஒழிக்கச் செய்து வெற்றியும் கண்டனர். பிறர் உரசுவதற்கான தீக்குச்சியைச் செய்தோர், அவ்வினையின் மற்றப் பொருளைத் தமதாக்கிக்கொண்டனர்.

ஏனைய மொழிகளை ஒப்புநோக்குவதும் பயனுடையது. பிரெஞ்சு மொழியில் வேலைநிறுத்தத்தைக் குறிக்கும் 'கிரேவ்' என்னும் சொல், வேலையற்றோர் வேலைதேடிக் கூடிய பாரிஸ் நகரச் சதுக்கமொன்றின் பெயரால் வந்தது. ஜேர்மன் மொழியோ, தன் சொந்த வேரிலிருந்து 'ஸ்ட்ரைஹன்' என்னும் வினையைக் கொண்டிருந்தும், 'ஸ்ட்ரைக்' என்பதை ஆங்கிலத்திடமிருந்து 19ஆம் நூற்றாண்டிற் கடன்பெற்றது. 1953 ஓகஸ்ட் 12இல் இலங்கை கண்ட போராட்டத்தின் பெயராகிய 'ஹர்த்தால்', கடைகளைப் பூட்டுதல் என்னும் பொருளுடையது. தமிழில் 'வேலைநிறுத்தம்' என்றும், நம் நாட்டுப் பத்திரிகைகளிற் 'பணிப்பகிஷ்கரிப்பு' என்றும் வழங்குகின்றோம். இவற்றுள் எதிலும் அடித்தல் என்னும் கருத்து இல்லை.

ஆங்கிலத்தில் மாத்திரம் இவ்விரு பொருள்களும் ஒரே ஒலியில் உறைகின்றன. வேலைநிறுத்தத்தால் ஒரு தொழில்துறை 'அடிபட்டது' என்று ஆங்கிலச் செய்தித்தாள் தலைப்பிடும்போது, உழைக்க மறுத்தவர் தாக்கியவராகத் தோற்றமளிக்கின்றார். அத்தலைப்பை நாம் அவ்வாறே தமிழாக்கின், அப்பார்வையும் உடன்வந்துவிடுகின்றது. சொற்பிறப்பு ஒரு சொல்லின் இன்றைய பொருளைக் கட்டுப்படுத்துவதில்லை என்பது மொழியியலார் நன்கறிந்ததே. எனினும் இவ்வினையைப் பொறுத்தவரை, அதன் வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகின்றது: தொழிலாளர் இச்சொல்லுக்கு இப்பொருளைத் தந்தபோது அவர்கள் எவர்மீதும் கையோங்கியிருக்கவில்லை, தாம் ஏற்றிய மரங்களைத் தாமே இறக்கியிருந்தனர்.