கேள்வியை எப்படி அளப்பது?

ஊட்டி காந்தல் பக்கம் ஜனவரிக் காலையில் திறந்தவெளிப் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். மரத்தடிப் புல் மட்டும் பச்சையாக இருக்கும். ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டு, இரண்டு இடத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் அதுதான் தேடிக் கற்றல். தேர்வுத்தாளில் விடை மட்டுமே பதிவாகும். கேள்வி எப்படிப் பிறந்தது, ஆசிரியர் எத்தனை நொடி பொறுத்தார், கடைசி வரிசைப் பிள்ளை வாய் திறந்தாளா என்பதெல்லாம் வகுப்பில் உட்கார்ந்து கவனித்து, பேச்சைப் பதிவுசெய்து, பிள்ளைகளிடமே விசாரிக்கும் பண்புசார் ஆய்வுக்குத்தான் பிடிபடும்.

ரிஷிவேலிப் பள்ளியின் கற்றல் அட்டை முறையைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. ஆனால் அட்டைகளை வரிசையாக முடிப்பதும் கேள்வி கேட்பதும் ஒன்றல்ல. எந்த வகுப்பில் எது நடக்கிறது என்பதை மதிப்பெண் சொல்லாது. பண்புசார் ஆய்வு என்றால், நாலு வகுப்பைப் பார்த்துவிட்டு நாட்டைப் பற்றிப் பேசலாமா, ஆய்வாளரின் சாய்வு கலக்காதா என்பார்கள். நியாயமான சந்தேகம்தான். எத்தனை சதவீதம் என்று இந்த ஆய்வு சொல்லாது, சொல்லவும் கூடாது. எப்படி, ஏன் என்றே சொல்லும். சாய்வைக் குறைக்க, குறிப்பையும் ஒலிப்பதிவையும் நேர்காணலையும் ஒப்பிடலாம். ஒரே பதிவை இருவர் தனித்தனியே வகைப்படுத்தலாம். அடுத்த திட்டத்தை அறிவிக்கும் முன் அதிகாரிகள் ஒரு வாரமாவது பின்வரிசையில் போய் உட்காரட்டும்.