செம்பனை நாடு கொங்கோ பின்தங்கியது ஏன்?

செம்பனை எண்ணெய் என்றால் இன்று மலேசியாவும் இந்தோனேசியாவும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1960இல் பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்றபோது, ஆப்பிரிக்காவின் கொங்கோவும் அதில் முன்னணி ஏற்றுமதி நாடுகளில் ஒன்று.

செம்பனை அங்கே தானாகவே வளரும் மரம். மழைக்கும் பஞ்சமில்லை. குறையெல்லாம் போக்குவரத்தில்தான். வெட்டிய குலை சீக்கிரம் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும் என்பது தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். அதற்கு நல்ல சாலை வேண்டும்.

மலேசியாவைப்போல் ஏழு மடங்கு பெரிய கொங்கோவுக்குக் கடற்கரை சுமார் 40 கிலோமீட்டர் மட்டுமே. கொங்கோ ஆற்றில் கிசங்கானியிலிருந்து தலைநகர் கின்ஷாசா வரை சுமார் 1,700 கிலோமீட்டர் படகு ஓடும். அதற்குக் கீழே பாறைகளும் நீர்வீழ்ச்சிகளும் வழிமறிக்கின்றன. அங்கே சரக்கை இறக்கி, ரயிலிலோ லாரியிலோ ஏற்றித்தான் மத்தாடி துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும்.

விடுதலைக்குப் பின் எழுந்த கலகங்களாலும், சீர்கெட்ட நிர்வாகத்தாலும், 1996இல் தொடங்கிய போர்களாலும் சாலைகள் பராமரிப்பின்றிப் பாழாயின. கிழக்கே சண்டை ஓயவில்லை. 2025 ஜனவரியில் கோமா நகரம் எம்23 கிளர்ச்சிப்படையிடம் வீழ்ந்தது.

உலகிலேயே அதிகமாகக் கோபால்ட் வெட்டியெடுக்கும் நாடும் இதுவே. சுரங்கத்துக்குப் பாதை கிடைத்துவிடுகிறது. விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோகும் விவசாயிக்குத்தான் கிடைப்பதில்லை.