உங்களுக்குத் தெரியுமா?

2008 மார்ச் 14, வெள்ளி இரவு. அட்லாண்டாவின் ஜார்ஜியா டோம் அரங்கில் எஸ்.இ.சி. என்ற லீக்கின் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியின் காலிறுதி. மிசிசிப்பி ஸ்டேட் அணி மூன்று புள்ளி முன்னிலை. கடைசி நொடியில் அலபாமாவின் மைக்கல் ரைலி தொலைவிலிருந்து வீசிய பந்து வளையத்துக்குள் விழுந்தது. 59-59, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது.

அந்தக் கூடுதல் நேரத்தில்தான் சூறாவளி அரங்கைத் தாக்கியது. கூரையும் சுவரும் கிழிந்தன. மேலேயிருந்து நட்டும் போல்ட்டும் உதிர்ந்தன. ரைலியின் பந்து மட்டும் தவறியிருந்தால், அந்த நேரம் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் தெருவில் நடந்துகொண்டிருந்திருப்பார்கள். ஒரு பந்து எத்தனை பேரைக் காத்திருக்கும் என்று நினைத்தாலே உடல் சிலிர்க்கிறது.

மிச்ச ஆட்டங்கள் ஜார்ஜியா டெக் வளாகத்துக்கு மாறின. அது, இதே போட்டியில் ஆடிய ஜார்ஜியா பல்கலைக்கழக அணிக்குப் பரம எதிரியின் களம். 16 லீக் ஆட்டங்களில் 4 மட்டுமே வென்றிருந்த அந்த அணி, சனிக்கிழமை ஒரே நாளில் கென்டக்கியையும் மிசிசிப்பி ஸ்டேட்டையும் சாய்த்தது. ஞாயிறன்று ஆர்கன்சாவை 66-57 என வென்று கோப்பையைத் தூக்கியது. தேசியப் போட்டிக்கும் நேரடியாகத் தகுதி பெற்றது.